நாகப்பட்டினத்தைப் பார்க்காமலே நாகப்பட்டினத்துக் கடலை வரைந்தவர்



போன மாதம் நாமக்கல் கோட்டை பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, கப்பல் வேலையில் இருக்கும் ஒரு மாணவர் கேட்டார்: "சார், எப்போதும் மலை, கோட்டை, ஏரி என்றே எழுதுகிறீர்களே, ஒருமுறை கடலைப் பற்றி எழுதக்கூடாதா?" நியாயமான கேள்வி. நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் கடல் என்றால் மேட்டூர் அணைதான். தண்ணீர் நிரம்பிக் கிடக்கும்போது கரையில் நின்று பார்த்துவிட்டு, "கடல் மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருவோம். ஆனாலும் நம் ஊர்ச் சரித்திரத்துக்கும் கடலுக்கும் ஒட்டும் உறவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்று எழுதப்போவது அப்படி ஒரு தொடர்பைத்தான். நீளமாக வரும். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1782 ஜூலை 6ஆம் தேதி நாகப்பட்டினத்துக்கு எதிரே, கடலில், ஆங்கிலேயக் கப்பல் படைக்கும் பிரெஞ்சுக் கப்பல் படைக்கும் பெரிய சண்டை நடந்தது. அந்தச் சண்டையை லண்டனில் இருந்த ஓர் ஓவியர் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவர் பெயர் டொமினிக் செர். அவர் நாகப்பட்டினத்தைப் பார்த்தவரில்லை, இந்தியாவுக்கே வந்தவரில்லை. ஆங்கிலேய அரசரின் கடல் ஓவியர் என்ற பட்டம் அவருக்கு இருந்தது. ஆனால் பிறப்பால் அவர் ஆங்கிலேயர் இல்லை, பிரெஞ்சுக்காரர். போர்க்காலத்தில் ஆங்கிலேயர் கடலில் பிடித்துக்கொண்டு வந்த மாலுமி. ஒரு கைதி, பிடித்தவர்களின் வெற்றிகளை வரைந்து பெரிய மனிதரான கதை இது.

டொமினிக் பிறந்த ஊர் பிரான்சின் தென்மேற்கே காஸ்கனி பகுதியில் உள்ள ஓஷ். பிறந்த ஆண்டு 1722 என்று பெரும்பாலான புத்தகங்கள் சொல்கின்றன. ஓஷ் கடற்கரை ஊர் இல்லை. நம்மைப் போல உள்நாட்டு ஊர்தான். வீட்டில் அவரைப் பாதிரியார் ஆக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள், அதற்குத் தகுந்த படிப்பும் கொடுத்தார்கள். பையனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. வீட்டை விட்டு ஓடி, ஸ்பெயின் போய், கப்பல் ஏறிவிட்டார். எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் நடக்கிற விஷயம்தான். நான் வகுப்பெடுத்த காலத்திலும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வரும் வாரம் திருப்பூர் பஸ் ஏறியவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இன்று இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள், சிரித்துக்கொள்ளட்டும்.

கப்பலில் சாதாரண ஆளாகச் சேர்ந்தவர், தொழிலைக் கற்று, கப்பலையே நடத்திச் செல்லும் நிலைக்கு உயர்ந்தார். ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாத் தீவின் ஹவானா துறைமுகத்துக்குப் போய்வரும் வணிகக் கப்பல் அது என்று அவரை அறிந்தவர்கள் சொல்லக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த நூற்றாண்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் அடிக்கடி சண்டை நடந்தது. சண்டைக் காலத்தில் எதிரி நாட்டு வணிகக் கப்பலை மடக்கிப் பிடித்தால், கப்பலும் சரக்கும் பிடித்தவர்களுக்குச் சொந்தம். பிடித்த பொருளை விற்று, தலைவனிலிருந்து கடைசி மாலுமி வரை பங்கு போட்டுக்கொள்வார்கள். இதற்குச் சட்டமும் இருந்தது, தனி நீதிமன்றமும் இருந்தது. அப்படி ஒரு ஆங்கிலேயப் போர்க்கப்பலிடம் டொமினிக்கின் கப்பல் மாட்டியது. அவர் கைதியாக இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

விடுதலை ஆனதும் ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. இங்கிலாந்திலேயே கல்யாணம் செய்துகொண்டு, படம் வரைந்து பிழைக்க ஆரம்பித்தார். ஒரு மாலுமி திடீரென்று எப்படி ஓவியர் ஆனார் என்று கேட்கலாம். நம் மோகனூரில் பிறந்த இராமலிங்கம் பிள்ளை, தமிழ்நாடு முழுவதும் நாமக்கல் கவிஞர் என்று தெரிவதற்கு முன்னால், படம் எழுதிச் சம்பாதித்த ஓவியர்தானே. கையில் ஒரு தொழிலும் மனதில் ஒரு தொழிலும் இருப்பது புதிதில்லை.

இன்னொன்றும் உண்டு. கடல் ஓவியத்தைப் பொறுத்தவரை மாலுமியாக இருந்தது குறையே இல்லை, அதுதான் மூலதனம். பாய்மரக் கப்பலில் எத்தனை கயிறுகள்! ஒவ்வொரு கயிறுக்கும் ஒரு வேலை, ஒரு பெயர். காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தப் பாய் புடைக்கும், எது துவளும், கப்பல் எந்தப் பக்கம் எவ்வளவு சாயும், அந்தச் சாய்வில் அலை எங்கே உடையும் என்பதெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கொடி ஒரு திசையில் பறக்க, பாய் வேறு திசையில் புடைத்திருந்தால் கரையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. கப்பலில் வேலை செய்தவர் பார்த்தவுடன் சிரித்துவிடுவார். படத்துக்குப் பணம் கொடுப்பவர்களோ கடற்படை அதிகாரிகள். உழவு தெரியாதவர் ஏர் ஓட்டும் படம் வரைந்து நம் ஊர்ப் பெரியவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு எந்தப் பக்கம், நுகத்தடி எப்படி என்று முதலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

இங்கிலாந்தில் கடல் ஓவியம் என்ற தொழிலையே வேரூன்ற வைத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். வில்லம் வான் டி வெல்டே என்ற ஒரே பெயருடைய ஹாலந்துக்காரர்கள், அப்பாவும் மகனும், 1670களில் லண்டன் வந்து அரசரிடம் சம்பளத்துக்கு அமர்ந்தார்கள். அப்பா சின்னப் படகில் ஏறிப் போய், குண்டுகள் பறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று சண்டையைக் கோட்டோவியமாக வரைந்துகொண்டு வருவார். மகன் அதைப் பார்த்து வண்ணப்படம் செய்வார். டொமினிக் அவர்களுடைய வழியில் வந்தவர். பின்னால் நிக்கலஸ் போகாக் என்ற பிரிஸ்டல் கப்பல் தலைவரும், தன் கப்பல் நாட்குறிப்பிலேயே படம் வரைந்து பழகி, நாற்பது வயதுக்கு மேல் ஓவியர் ஆனார்.

டொமினிக்குக் கை கொடுத்தது 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போர். ஆங்கிலேயர் உலகம் முழுக்கக் கடலில் ஜெயித்தார்கள். ஜெயித்த தளபதிகள் எல்லாருக்கும் வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம் தேவைப்பட்டது. 1762ல் ஹவானாவை ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்தார்கள். அந்த முற்றுகையைத் தொடர் ஓவியங்களாக வரையும் வேலை டொமினிக்குக்கு வந்தது. தான் சரக்கு ஏற்றிப்போன துறைமுகம், எதிரியின் கையில் விழும் காட்சியை, எதிரிக்காக அவரே வரைந்தார். (வழக்கம்போல ஒரு கிளைக்கதை. அதே 1762ல் ஸ்பெயினின் இன்னொரு நகரமான மணிலாவைப் பிடிக்கப் போன படை சென்னையிலிருந்துதான் கிளம்பியது. அதில் நம்மூர்ச் சிப்பாய்களும் போனார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

1768 டிசம்பரில் லண்டனில் ராயல் அகாடமி என்ற கலைக்கழகம் தொடங்கப்பட்டது. தலைவர் ஜோஷுவா ரேனால்ட்ஸ். நிறுவன உறுப்பினர்களில் கடல் ஓவியர் என்று ஒருவர்தான் இருந்தார். அவர் டொமினிக் செர். கைதியாக வந்தவருக்கு இது சாதாரண ஏற்றம் இல்லை. நிறுவன உறுப்பினர்களில் இத்தாலிக்காரர்கள், ஜெர்மானியர் எல்லாம் இருந்தார்கள், இரண்டு பெண்களும் இருந்தார்கள். அந்தக் கழகக் கண்காட்சிகளில் டொமினிக் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் வைத்தார். பல மொழி பேசுவார், நல்ல பழக்கவழக்கம் உள்ளவர் என்று பெயர். நீர்வண்ண ஓவியர் பால் சான்ட்பி அவருடைய பக்கத்து வீட்டுக்காரர், நண்பர். 1780ல் மூன்றாம் ஜார்ஜ் அரசர் அவரைத் தன் கடல் ஓவியராக நியமித்தார்.

அந்த 1780ஆம் ஆண்டைக் கொஞ்சம் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நாம் ஊருக்கு வருவோம்.

பழைய பொருளைப் பார்த்தால் "ஐதர் காலத்துப் பழசு" என்று நம் வீடுகளில் சொல்வோம் இல்லையா, அந்த ஹைதர் அலி, 1780 ஜூலையில் பெரும்படையோடு செங்கம் கணவாய் வழியாகக் கீழே இறங்கினார். அப்போது சேலம், நாமக்கல், சங்ககிரி எல்லாம் மைசூர் ஆட்சியில் இருந்தன. நாமக்கல் கோட்டையை 1768ல் ஆங்கிலேயர் பிடித்தார்கள், விரைவிலேயே ஹைதர் திரும்ப எடுத்துக்கொண்டார் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். அதனால் 1780ல் நம் மண் ஹைதரின் பின்கட்டு. சண்டை நடந்தது அந்தப் பக்கம்: ஆற்காடு, காஞ்சிபுரம், கடலூர், தஞ்சாவூர். 1780 செப்டம்பர் 10ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அடியோடு அழிந்தது. ஆங்கிலேயர் இந்தியாவில் அதுவரை வாங்காத அடி. அடுத்த ஆண்டு ஜூலை 1ல் பரங்கிப்பேட்டையில் அயர் கூட் ஹைதரைத் தோற்கடித்தார். ஆனாலும் சண்டை முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு விடை கடலில் இருக்கிறது. ஹைதர் தரையில் ஆங்கிலேயரின் தானியத்தையும் மாட்டையும் தடுக்க முடிந்தது. சென்னையைச் சுற்றியிருந்த ஊர்களைக் கொளுத்தி, புல்பூண்டு கிடைக்காமல் செய்தார். ஆனால் வங்காளத்திலிருந்து கப்பலில் அரிசியும் ஆளும் பணமும் வந்துகொண்டே இருந்தன. தரையில் அவர்களை நாசம் செய்ய என்னால் முடியும், கடலை வற்றவைக்க என்னால் முடியாது என்ற கருத்தில் ஹைதர் தன் அமைச்சரிடம் வருத்தப்பட்டதாக மைசூர் வரலாறு எழுதிய வில்க்ஸ் பதிவு செய்திருக்கிறார். கடலே இல்லாத மைசூர்ப் பீடபூமியிலிருந்து கிளம்பிய ஒருவருக்கு அந்த ஞானம் வந்ததுதான் ஆச்சரியம். என் கணிப்பில் அந்தத் தலைமுறை இந்திய ஆட்சியாளர்களில் இதை இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டவர் வேறு யாரும் இல்லை.

கடலைப் பார்த்துக்கொள்ள அவருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் தேவை. 1782 தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் படை வந்தது. வரும் வழியில் அதன் தலைவர் இறந்துபோக, சுஃப்ரன் என்பவர் பொறுப்பேற்றார். மிகவும் பருத்த உடம்பு, உடையில் கவனம் கிடையாது, ஆனால் சண்டை என்றால் விடாப்பிடி. அந்த ஜூலைக் கடைசியில் கடலூருக்குப் பக்கத்தில் ஹைதரும் சுஃப்ரனும் நேரில் சந்தித்தார்கள். தரையில் உட்கார அவர் உடம்பு ஒத்துழைக்காது என்று பார்த்த ஹைதர், அவருக்கு நிறைய மெத்தை திண்டுகள் போடச் சொன்னார் என்பார்கள். எதிரே ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ். இந்த இருவரும் பதினாறு மாதத்தில் ஐந்து முறை மோதினார்கள்: சதுரங்கப்பட்டினம், இலங்கையின் கிழக்குக் கரை, நாகப்பட்டினம், திருகோணமலை, கடலூர். ஐந்திலும் ஒருவர்கூட மற்றவரின் ஒரு போர்க்கப்பலைக்கூடப் பிடிக்கவில்லை. இதில் யார் ஜெயித்தது என்று இன்றைக்கும் பிரெஞ்சுப் புத்தகங்கள் ஒன்று சொல்லும், ஆங்கிலப் புத்தகங்கள் ஒன்று சொல்லும்.

நாகப்பட்டினச் சண்டைக்கு வருவோம். இரண்டு பக்கமும் வரிசையில் பதினொரு கப்பல்கள். அந்தக் காலப் பீரங்கிகள் கப்பலின் பக்கவாட்டில்தான் இருக்கும். அதனால் கப்பல்கள் ஒன்றின் பின் ஒன்றாக வரிசை கட்டி, எதிரி வரிசைக்குப் பக்கவாட்டில் வந்து சுட வேண்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தைப் பிடித்தவர், எப்போது நெருங்குவது என்பதைத் தீர்மானிப்பார். அதற்காகவே மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில், ஒருவரை ஒருவர் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

நான்கு திசைக் காற்றுக்கும் தமிழில் பெயர் உண்டு: வடக்கே வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. ஐந்தாம் வகுப்பிலேயே படித்திருப்பீர்கள். ஆடிக்கு முந்தைய அந்த நாட்களில் நாகைக் கரையில் காலையில் தரையிலிருந்து மேலைக்காற்று அடிக்கும். வெயில் ஏறிய பிறகு கடல்காற்று திரும்பி வரும். நாகை மீனவர்களுக்கு இது கடிகாரம் மாதிரி. ஜூலை 6 காலையில் தென்மேற்குக் காற்று. அந்தக் காற்றுப் பக்கம் ஹியூஸ் கையில். காலை பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே சுட ஆரம்பித்தார்கள். ஒன்றரை, இரண்டு மணி நேரம் கடுமையான சண்டை. மதியம் திடீரென்று கடல்காற்று தென்கிழக்கிலிருந்து வந்து மோதியது. எதிர்க்காற்றில் கப்பல்கள் முகம் திரும்பின. சில இந்தப் பக்கம், சில அந்தப் பக்கம். இரண்டு வரிசையும் கலைந்து ஒரே குழப்பம். அந்தக் குழப்பத்தில் தனித்தனியாகச் சிக்கிய கப்பல்களுக்குத்தான் பெரிய சேதம்.

அதில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் 'செவேர்'. அதன் மேல் வந்து மோதிய ஆங்கிலேயக் கப்பலின் பெயர் 'சுல்தான்'. ஹைதரின் நண்பர்களைச் 'சுல்தான்' சுட்டது என்று வகுப்பில் சொன்னால் பின் பெஞ்சும் விழித்துக்கொள்ளும். செவேரின் தலைவர் மனம் தளர்ந்து கொடியை இறக்கச் சொல்லிவிட்டார். கொடி இறங்கினால் சரண் என்று அர்த்தம். ஆனால் அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. பீரங்கியை நிறுத்தாமல் சுட்டு, கொடியைத் திரும்ப ஏற்றினார்கள். மறுநாள் ஹியூஸ், "சரண் அடைந்த கப்பலை அனுப்பு" என்று ஆள் அனுப்பினார். சுஃப்ரன், கொடிக்கயிறு குண்டு பட்டு அறுந்துபோனது என்று சொல்லி மறுத்துவிட்டு, அந்தத் தலைவரைப் பதவியிறக்கி ஊருக்குக் கப்பலேற்றினார். அன்றைய கணக்கு: ஆங்கிலேயர் பக்கம் 77 பேர் சாவு, 233 பேர் காயம், பிரெஞ்சுப் பக்கம் 178 பேர் சாவு, 601 பேர் காயம்.

இதைத்தான் டொமினிக் லண்டனில் உட்கார்ந்து வரைந்தார். சண்டையில் இருந்த அதிகாரிகள் கொண்டுவந்த வரைபடம், கப்பல் நாட்குறிப்பில் எழுதியிருக்கும் காற்றின் திசை, மணி, எந்தக் கப்பலின் எந்தப் பாய்மரம் முறிந்தது என்ற விவரம் இவற்றை வைத்துத்தான் அந்தக் காலத்துக் கடல் ஓவியர் வேலை செய்வார். நேரில் பார்த்தவர்கள் சொல்வதை, தன் உடம்பில் இருக்கும் கடல் அனுபவத்தோடு சேர்த்துப் பார்ப்பது. ஏட்டில் "காற்று தென்கிழக்குக்கு மாறியது" என்று ஒரு வரி இருந்தால், அந்த நிமிஷம் மேல்தளத்தில் என்ன நடக்கும், யார் எந்தக் கயிறுக்கு ஓடுவார்கள், பாய் எப்படிப் படபடவென்று அடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். அவர் அப்படி ஓடியவர்.

அவர் வரைந்த போர்ப் படங்களைப் பார்க்க வாய்ப்புள்ளவர்கள் லண்டன் கிரீன்விச்சில் இருக்கும் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நேரிலேயே போகலாம். மேகம், புகை, பாய், கொடி எல்லாம் கச்சிதம். வானத்துக்கு நிறைய இடம் கொடுப்பார். கப்பல்களைக் கணக்கு நோட்டில் எண் எழுதுவது போல ஒவ்வொன்றாகத் தெளிவாக வைப்பார். எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் படங்களில் சண்டை மிகவும் சுத்தமாக இருக்கிறது. புகை வெண்மையாக, அழகாக இருக்கிறது. அடித்தளத்தில் கால் வெட்டப்பட்டுக் கிடந்தவர்கள் கண்ணில் படமாட்டார்கள். இதற்கு ஓவியரை மட்டும் குறை சொல்லக்கூடாது. பணம் கொடுத்த அதிகாரிக்கு வேண்டியது, அன்று தன் கப்பல் எங்கே நின்றது என்பதற்கு ஒரு சாட்சி. பின்னால் விசாரணை, பதவி உயர்வு என்று வரும்போது "நான் ஒதுங்கி நிற்கவில்லை, இதோ பாருங்கள்" என்று சுவரைக் காட்ட வேண்டும். படம் ஒருவிதத்தில் பத்திரம்.

ஆனால் அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதவர்கள் நம்மவர்கள். இரண்டு கப்பல் படைகளிலும் ஐரோப்பிய மாலுமிகள் நோயில் செத்து ஆள் குறைந்தபோது, நம் கரையில் சிப்பாய்களையும் லஸ்கர் என்ற இந்திய மாலுமிகளையும் ஏற்றிக்கொண்டார்கள். செத்தவர் கணக்கில் அவர்களும் உண்டு. கரையில் நிலைமை இன்னும் மோசம். கிராமங்கள் எரிந்து, விளைச்சல் இல்லாமல், ஜனங்கள் சென்னைக்குள் ஓடிவந்தார்கள். 1782 அக்டோபர் நடுவில் பெரும்புயல் அடித்தது. ஹியூஸ் தன் போர்க்கப்பல்களை ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விட்டார். துறைமுகமே இல்லாத சென்னைக் கரையில், நகரத்துக்கு அரிசி ஏற்றி வந்து நின்றிருந்த கப்பல்கள் ஏராளமாக உடைந்தன. அதன்பின் பஞ்சம் உச்சத்துக்குப் போனது. அந்தப் பஞ்சத்தில் 1782ல் மணியக்காரர் ஒருவர் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த இடம்தான் மணியக்காரர் சத்திரம். அங்கே வளர்ந்த மருத்துவமனையைச் சென்னைக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றார்கள். இன்று அது ஸ்டான்லி மருத்துவமனை. நம் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்கும் ஸ்டான்லி என்றுதான் பெயர். இரண்டும் ஒரே ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர். அடுத்த முறை மேட்டூரில் "கடல் மாதிரி" என்று சொல்லும்போது இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

கைதிகள் விஷயத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு இந்தக் கதையில் மனதைப் பிடித்தது அதுதான். 1782 ஜனவரியில் சுஃப்ரனின் படை, சென்னைக்கு வந்துகொண்டிருந்த 'ஹானிபல்' என்ற ஆங்கிலேயக் கப்பலைப் பிடித்தது. அதில் ஜேம்ஸ் ஸ்கரி என்று ஒரு பையன் இருந்தான். சுஃப்ரனிடம் கைதிகளுக்குப் போடச் சோறு இல்லை, வைத்துக்கொள்ள இடமும் இல்லை. நூற்றுக்கணக்கான கைதிகளை அவர் ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர்களிலேயே பலர் இதற்கு முகம் சுளித்தார்கள். கடலில் பிடிபட்ட அந்த மாலுமிகள் கரையிறங்கி, நடந்தே மைசூர்ச் சீமைக்குப் போனார்கள். ஸ்கரி பத்தாண்டு அங்கே கைதியாகக் கிடந்தான். கட்டாயமாக மதம் மாற்றினார்கள், திப்புவின் படையில் சேர்த்தார்கள். ஊர் திரும்பியபோது தாய்மொழியே தடுமாறியது. அவன் அனுபவம் 1824ல் புத்தகமாக வந்தது.

இரண்டு மாலுமிகளும் இளைஞர்கள், இருவரையும் கடலில் எதிரி பிடித்தான். ஒருவருக்கு அந்த ஊர் கல்யாணம், வேலை, அரசரின் பட்டம் எல்லாம் கொடுத்தது. இன்னொருவனுக்குக் கிடைத்தது பத்து வருடச் சிறை. திறமை, உழைப்பு என்று நாம் மேடையில் பேசுகிறோம். டொமினிக்கிடம் இரண்டும் இருந்தன, சந்தேகமில்லை. ஆனால் யார் கையில் மாட்டுகிறோம் என்பது அவர் கையில் இல்லை. அவரைப் பிடித்தவர்களுக்கு அந்தச் சமயத்தில் கப்பல் படம் வரையத் தெரிந்த ஆள் தேவையாக இருந்தது.

அவரைத் துரோகி என்று சொல்ல முடியுமா? பிரெஞ்சுக்காரர் சாகும் காட்சியை வரைந்து பிரெஞ்சுக்காரர் சம்பாதித்தார் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாடு என்ற எண்ணம் இன்று நமக்கு இருப்பதுபோல அன்று எல்லாருக்கும் இருந்ததில்லை. நம் பக்கமே பாருங்கள். சேலத்து ஆள் மைசூர்ப் படையில் இருந்தார், ஆற்காட்டு ஆள் கும்பினிப் படையில் இருந்தார்; இருவரும் பேசியது ஒரே தமிழ். 1792ல் ஸ்ரீரங்கப்பட்டின ஒப்பந்தப்படி சேலமும் பாராமஹாலும் கும்பினிக்குக் கைமாறின. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்தார்கள். நேற்றுவரை மைசூருக்கு வரி கட்டியவர் இன்று கும்பினிக்குக் கட்டினார். யாரும் அவரைத் துரோகி என்று சொல்லவில்லை.

அதே 1792ல் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற சித்தப்பா-மகன் ஓவியர்கள் பாராமஹால் வழியாக வந்து இராயக்கோட்டை போன்ற மலைக்கோட்டைகளையும் திருச்சி மலைக்கோட்டையையும் நேரில் பார்த்து வரைந்தார்கள். வில்லியம் பின்னாளில் பிரிட்டன் கடற்கரை முழுவதையும் சுற்றி வரைந்து பெயர் வாங்கினார். அவர்கள் வந்து பார்த்து மலையை வரைந்தார்கள். டொமினிக் வராமலே கடலை வரைந்தார். எது உண்மைக்குப் பக்கம் என்பதை என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. டேனியல் படங்களில் நம் குன்றுகள் கொஞ்சம் கூடுதலாகவே செங்குத்தாக நிற்கும்.

ஐந்தாவது சண்டையைச் சொல்லாமல் விட்டால் கணக்கு முடியாது. 1782 டிசம்பர் 7ல் ஹைதர் இறந்தார். 1783 ஜூன் 20ல் கடலூருக்கு எதிரே ஹியூஸும் சுஃப்ரனும் கடைசியாக மோதினார்கள். மீண்டும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஒன்பது நாள் கழித்து ஒரு கப்பல் வெள்ளைக்கொடியோடு வந்தது. ஐரோப்பாவில் இரண்டு நாடுகளும் ஜனவரி மாதமே சமாதானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டன என்ற செய்தி அதில் இருந்தது. செய்தி வந்து சேர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. சமாதானம் ஆன பிறகு ஐந்து மாதம் கழித்துச் செத்தவர்கள் அவர்கள்.

டொமினிக் 1792ல் ராயல் அகாடமியின் நூலகர் ஆனார். பல மொழி தெரிந்தவருக்குப் பொருத்தமான வேலை. ஓராண்டுதான் இருந்தார். 1793 நவம்பரில் இறந்தார். அந்த ஆண்டுதான் இங்கிலாந்தும் பிரான்சும் மறுபடி போரில் இறங்கியிருந்தன. அவர் இடத்தில் மகன் ஜான் தாமஸ் செர் அரசரின் கடல் ஓவியர் ஆனார். மகனுக்கு அப்பாவின் கை வந்தது, அப்பாவின் நேரம் வரவில்லை. அவர் மனைவி ஒலிவியா, தான் அரச குடும்பத்து இளவரசி என்று சொல்லிக்கொண்டு வழக்கு, விளம்பரம், கடன் என்று குடும்பத்தையே கரைத்துவிட்டார். கடன்காரர் சிறைக்காவலில் இருந்தபடியே 1825ல் ஜான் தாமஸ் இறந்தார்.

அதற்கு முன்னால் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். கடலையும் கப்பலையும் வரையக் கற்றுக்கொள்பவர்களுக்காக 1805லும் 1806லும் ஒரு பாடநூல் வெளியிட்டார். முதல் பகுதியில் கப்பலின் உறுப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக: நங்கூரம், கயிற்றுக் கண்ணி, பாய்மரம், கப்பலின் முன்முகம். பிறகு பகுதி பகுதியாகச் சேர்த்து முழுக் கப்பல், அப்புறம் அலை, அப்புறம் காற்று. இரண்டாம் பகுதியில் இருப்பவை அப்பா டொமினிக்கின் ஓவியங்களிலிருந்து செதுக்கிய படங்கள். ஹவானாக் கப்பலில் கயிறு இழுத்துக் கற்றவரின் கண், மாணவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது.